மூட்டு அறுவைக்குப் பிறகு வீட்டில் ஐஸ் மெஷின்: இரவு முழுக்க ஓட விடலாமா?

கேள்வி இது: அம்மாவுக்கு வயது 64, சர்க்கரை 12 வருடமாக இருக்கிறது. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை முடிந்து நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். வீக்கம் வடிய ஒரு ஐஸ் மெஷினை, அதாவது பெட்டியில் உள்ள ஐஸ் தண்ணீரை பம்ப் மூலம் முழங்காலில் கட்டிய பேடுக்குள் ஓட விடும் மெஷினை, வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். கூட வந்த தாளில் நான்கு வரிதான் இருக்கிறது. ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் போடலாம், தோலுக்கும் பேடுக்கும் நடுவில் துணி வேண்டுமா, ராத்திரி ஓட விட்டால் அம்மா நிம்மதியாகத் தூங்குவாரே, விடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: விடாதீர்கள். அம்மா தூங்கும்போது அந்த பேடு காலில் இருக்கவே கூடாது. ஆழ்ந்து தூங்கும் ஆளுக்கு, அதிலும் டிரமடால் மாதிரி வலி மாத்திரை போட்டுத் தூங்கும் ஆளுக்கு, தோல் எரிவதோ மரப்பதோ தெரியாது. விடியற்காலை பேடைக் கழற்றும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும்.

சர்க்கரை இருப்பதால், மெஷினைத் தொடுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரையில் கால் நரம்புகள் மெல்ல உணர்ச்சி இழக்கும். அம்மாவுக்கு அது எந்த அளவில் இருக்கிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். ஒரு ஸ்பூனை ஃபிரிட்ஜ் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடையுங்கள், இன்னொன்று வெளியில் இருந்ததாகவே இருக்கட்டும். உள்ளங்காலில், புறங்காலில், முழங்காலுக்குக் கீழ் முன்பக்கத்தில், கட்டுக்கு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து, எது ஜில்லென்று இருக்கிறது என்று கேளுங்கள். அடுத்தபடி பஞ்சு நுனியால் தொட்டு, எங்கே தொட்டேன் என்று கேளுங்கள். இடது காலிலும் இதே மாதிரி. பாதத்திலோ கணுக்காலிலோ தடுமாறினால், அல்லது அறுவைக்கு முன்பே பாத எரிச்சல், பஞ்சில் நடக்கிற மாதிரி உணர்வு இருந்திருந்தால், மெஷினை மூலையில் வைத்துவிட்டு அறுவை செய்த டாக்டருக்கு போன் போடுங்கள். சரியாகச் சொல்லிவிட்டாலும், அம்மாவுக்கு சர்க்கரை இருக்கிறது, ஐஸ் மெஷின் போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்குங்கள். அவர் சொல்லும் நிமிடக் கணக்கு கீழே நான் சொல்வதிலிருந்து வேறாக இருந்தால், அவர் கணக்கே உங்கள் கணக்கு.

ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. முழங்காலின் நடுவில் நெடுக்காகக் கீறும்போது, தோலுக்கு உணர்ச்சி தரும் சிறு நரம்புக் கிளை ஒன்று அறுபடுவது சகஜம். அதனால் தழும்புக்கு வெளிப்பக்கத்தில் ஓரிடம் மரத்துப்போய் இருக்கும். சர்க்கரையே இல்லாதவர்களுக்கும் இது உண்டு, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பேடு உட்காருவது சரியாக அந்த இடத்தின் மேல். அம்மா, "ஒண்ணும் பண்ணல, நல்லா இருக்கு" என்று சொன்னாலும் அந்த இடத்துக்கு அது சாட்சி ஆகாது. உங்கள் கண்ணும் கையும்தான் பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: லிகமென்ட் (மூட்டில் எலும்புகளை இணைக்கும் நார்) அறுவை மாதிரி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் சிகிச்சைகளில், காலை மரக்க வைக்க நரம்பைச் சுற்றி ஊசி போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது 12 முதல் 24 மணி நேரம் நிற்கும். அது முழுதாகத் தெளியும்வரை, ஆஸ்பத்திரியில் குறிப்பாகச் சொல்லாத பட்சத்தில், மெஷின் வேண்டாம். குளிரில் விரல் நுனி வெளுத்து நீலமாகிறவர்கள், ஐஸ் பட்டால் தடிப்பு எழும்புகிறவர்கள், கால் ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள் (கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாகும்), சிக்கிள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவாகும் பரம்பரை நோய்) உள்ளவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதல்ல. சிக்கிள் செல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படுவது, அந்தக் குடும்பங்கள் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவைக்குப் பின் மனம் குழம்பி, சொல்வது புரியாமல் இருக்கும் முதியவருக்கும் போடாதீர்கள்.

இனி, இது ஏன் இவ்வளவு கவனம் கேட்கிறது. ஃபிரீசர் ஜெல் பேக் மைனஸ் 18 டிகிரியில் வருகிறது, மெஷினில் ஓடுவது வெறும் ஐஸ் தண்ணீர், பூஜ்யத்துக்குக் கீழே போகாது, அப்புறம் எப்படி ஆபத்து என்று நினைக்கத் தோன்றும். ஜெல் பேக் இருபது நிமிடத்தில் தானே சூடேறிவிடும், மெஷின் சூடேறாது. பெட்டியில் ஐஸ் இருக்கும்வரை, ஆறு மணி நேரமானாலும், அதே குளிரைத் தோலில் தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் குளிர்ந்த சேற்றுத் தண்ணீரில் நின்ற சிப்பாய்களின் பாதங்கள் ஆயிரக்கணக்கில் கெட்டுப்போயின, தண்ணீர் உறையாமலே. சதையும் நரம்பும் கெடுவதற்கு உறைநிலை தேவையில்லை. குறைந்த ரத்த ஓட்டத்தோடு நெடுநேரம் குளிரில் கிடந்தாலே போதும்.

இதில் இன்னொன்றும் சேர்கிறது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்குகிறது, வீக்கம் குறைவதே அதனால்தான். ஆனால் பேடை எடுத்ததும் குழாய் உடனே விரிவதில்லை. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பல மெஷின்களை வைத்துச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள்: குளிர்விப்பதை நிறுத்தித் தோல் சூடேறிய பிறகும் ரத்த ஓட்டம் நெடுநேரம் குறைந்தே இருந்தது. தோல் வெதுவெதுப்பாகிவிட்டது, அடுத்த சுற்றைத் தொடங்கலாம் என்று தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பது இதிலிருந்து வருகிறது. அதனால் அம்மாவுக்கு 20 நிமிடம் போட்டால் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். முதல் தடவை மட்டும் 10 நிமிடத்தில் கழற்றித் தோலை முழுசாகப் பாருங்கள். முதல் சில நாட்கள் பகலில் ஐந்தாறு தடவை போதும்.

மெஷினில் டைமர் இருந்தால் ஒரு பொறி உண்டு. டைமர் நிறுத்துவது பம்பை மட்டும்தான். பேடுக்குள் நிற்கும் ஜில் தண்ணீர் காலின் மேலேயே இருக்கும், சில மாடல்களில் அரை மணி டைமர் நின்ற பிறகு தானாகத் திரும்பத் தொடங்கும். போனில் 20 நிமிட அலாரம் வையுங்கள். அலாரம் அடித்தால் பேடை அவிழ்த்து எடுங்கள், சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாதீர்கள்.

தண்ணீர், ஐஸ் விஷயத்துக்கு வருவோம். பெட்டியில் உள்ள கோடுவரை முதலில் தண்ணீர், அதற்கு மேல் ஐஸ். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றினால் ஐஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று புரியாமல் போகும். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்குக் குறையாது. 3 லிட்டரை அங்கிருந்து பூஜ்யத்துக்கு இறக்க 90 கிலோகலோரி வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகினால் 80தான் இழுக்கும். ஆக, காலைத் தொடுவதற்கு முன்பே ஒரு கிலோவுக்கு மேல் ஐஸ் கரைந்துவிடும். அதே தண்ணீரை இரவே ஃபிரிட்ஜில் வைத்து 8 டிகிரிக்குக் கொண்டுவந்திருந்தால் 300 கிராம்தான் போகும்.

வீட்டு ஃபிரீசருக்கு எளிய வழி 500 மில்லி தண்ணீர் பாட்டில்கள். முக்கால் பாகம் நிரப்பி (உறையும்போது பெருக்கும், முழுசாக நிரப்பினால் வெடிக்கும்) எட்டு பாட்டில் உறைய வையுங்கள். நான்கு மெஷினில், நான்கு ஃபிரீசரில். உதிரிக் கட்டிகளைவிட பாட்டில் தண்ணீரை மெதுவாகக் குளிர வைக்கும், அம்மா மாதிரி உள்ளவர்களுக்கு அது நல்லதே. ஐஸ் கம்பெனியில் பார் வாங்கி உடைத்துப் போடுகிறவர்கள், உமியும் மரத்தூளும் போகக் கழுவிவிட்டுப் போடுங்கள். பம்பின் வடிகட்டி அதில் அடைபடும்.

உப்பு மட்டும் போடாதீர்கள். குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைச் சேர்ப்பதைப் பார்த்துவிட்டு, ஐஸ் அதிக நேரம் நிற்கும் என்று சிலர் இதில் ஒரு கைப்பிடி போட்டுவிடுகிறார்கள். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறங்கியும் உறையாமல் ஓடும். குல்ஃபி உறைவதும் அதனால்தான். அது காலில் ஓடினால் தோல் உறையும். ஸ்பிரிட் முதலான எதையும் கலக்காதீர்கள்.

துணி கட்டாயம் வேண்டும். துவைத்து வெயிலில் காயவைத்த பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டால் சரியான தடிப்பு. டர்க்கி டவல் வேண்டாம், குளிர் உள்ளே வராது, வரவில்லையே என்று நேரத்தை நீட்டத் தோன்றும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதைப் போல பேடும் வியர்க்கும். நனைந்த துணி காய்ந்த துணியைவிடப் பல மடங்கு வேகமாகக் குளிரைக் கடத்தும். காப்பாக வைத்த துணியே தீங்காகிவிடும். டிரெஸ்ஸிங்கும் நனைந்து தையலில் ஈரம் நிற்கும். ஒவ்வொரு தடவைக்கும் காய்ந்த துணி, ஈரம் ஒற்றிய பேடு. மெஷினோடு வந்த பேடின் உள்பக்கம் மெல்லிய துணி ஒட்டியிருந்தாலும் இதே விதிதான்.

ஆஸ்பத்திரியில் கட்டிய தடித்த கட்டைப் பிரித்து மெல்லிய ஒட்டு டிரெஸ்ஸிங் போடும் நாளைக் குறித்து வையுங்கள். அதுவரை பஞ்சும் கிரேப் பேண்டேஜும் குளிரைத் தடுத்துக்கொண்டிருந்தன. மறுநாள் அதே ஐஸ், அதே 20 நிமிடம், ஆனால் தோலுக்குப் போகும் குளிர் ரொம்ப அதிகம். அன்றைக்கு மறுபடி முதல் நாள் மாதிரி 10 நிமிடத்தில் தொடங்குங்கள். மீன் தொட்டிக்கு வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, அதன் முனையைத் துணிக்கும் தோலுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தால் ஊகம் வேண்டாம். 10 முதல் 15 டிகிரிவரை இருந்தால் போதும். 10க்குக் கீழே போனால் துணியை இன்னொரு மடிப்பு கூட்டுங்கள், அல்லது இரண்டு பாட்டிலை எடுத்துவிடுங்கள்.

பேடைக் கட்டும் முறை. முதலில் ஹோஸை (பெட்டியிலிருந்து பேடுக்குத் தண்ணீர் போகும் குழாய்) மாட்டுங்கள், கிளிக் சத்தம் கேட்க வேண்டும். காலில் கட்டுவதற்கு முன் பேடைக் கட்டிலில் தட்டையாக விரித்து இரண்டு மூன்று நிமிடம் ஓட விடுங்கள். எல்லா அறைகளிலும் தண்ணீர் நிறையும், எங்காவது ஒழுகினால் அப்போதே தெரிந்துவிடும். காலியான பேடை இறுக்கிக் கட்டிவிட்டு மெஷினைப் போட்டால், தண்ணீர் நிறைய நிறைய அது காலைப் பிடித்து நெரிக்கும். குளிரோடு அழுத்தமும் சேர்ந்தால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். கட்டிய பிறகு வார்ப்பட்டைக்கு அடியில் இரண்டு விரல் சுலபமாகப் போக வேண்டும்.

வெளிப்பக்கம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே விரலால் தடவிப் பாருங்கள், ஒரு சின்ன எலும்பு முண்டு தட்டுப்படும். அதை ஒட்டிப் பின்னால் வளைந்து போகும் நரம்பு பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்குப் போகிறது. அங்கே அதன் மேல் தோலைத் தவிரக் காப்பு அதிகம் இல்லை. பேடின் விளிம்போ வார்ப்பட்டையோ ஹோஸ் மூட்டோ அந்த முண்டின் மேல் உட்காரக் கூடாது. அது பாதிக்கப்பட்டால் பாதம் தொங்கிப்போகும், பெருவிரலை மேலே மடக்க முடியாது. முழங்காலுக்குப் பின்பக்கக் குழியையும் விட்டுவிடுங்கள், முன்னாலும் பக்கங்களிலும் பேடு இருந்தால் போதும். அந்தச் சமயத்தில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாக இருக்கும், ஆனால் மடங்கிய நிலையிலேயே மூட்டு இறுகும். கணுக்காலுக்கு அடியில் வைத்துக் குதிகால் தொங்கும்படி விடுங்கள், கால் நேராக நீளும்.

ஒவ்வொரு தடவை பேடை எடுத்ததும் நல்ல வெளிச்சத்தில் தோலைப் பாருங்கள். கையேடுகளில் சிவப்பு, வெளுப்பு என்று எழுதியிருப்பது வெள்ளைத் தோலுக்கு. நம் தோலில் அது அப்படித் தெரியாது. சாம்பல் பூத்த மாதிரி, மெழுகு தடவிய மாதிரி, அல்லது திட்டுத்திட்டாகக் கருத்தோ நீலம் பாய்ந்தோ தெரியும். இடது முழங்காலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் புரியும். விரலால் அழுத்திப் பாருங்கள், மற்ற காலைவிட விறைப்பாக, பலகை மாதிரி இருந்தால் அது நல்ல அறிகுறி அல்ல. அம்மாவைப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள இடத்தைத் தொட்டுத் தெரிகிறதா என்று கேளுங்கள். விரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு மூன்று விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். மொத்தம் ஒரு நிமிட வேலை.

கொப்புளம், நிறம் மாறித் தேறாத தோல், அரை மணி கழிந்தும் போகாத மரப்பு, புதிதாக எரிச்சல், பாதத்தைத் தூக்க முடியாமை, இதில் எது வந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். பதறிப்போய் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், தேய்த்துவிடாதீர்கள். மரத்த தோலில் சூடு பட்டால் வெந்துபோனதும் தெரியாது. கெண்டைக்காலில் தனியாக வலியும் வீக்கமும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், தையலில் சீழ் இவை குளிரால் வருபவை அல்ல, அதைவிட அவசரம். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108ஐ அழையுங்கள்.

தைலம், வலி களிம்பு எதையும் பேடுக்கு அடியில் தடவாதீர்கள். அவற்றில் உள்ள மென்தால் ஜில்லென்ற உணர்வைத் தானே கொடுக்கும், உண்மையான குளிரின் அளவை அம்மாவால் சொல்லவே முடியாது. வலி மாத்திரையை இதை நம்பி நிறுத்தவும் கூடாது. குளிரின் பயன் முக்கியமாக முதல் சில நாட்களுக்கு, அதுவும் மிதமான அளவில்தான். பிசியோ பயிற்சி முடிந்தவுடன் ஒரு தடவை போடுவது நல்ல நேரம். பயிற்சிக்கு முன்னால் வேண்டாம், விறைத்த மூட்டை மடக்கவும் கஷ்டம், மரத்த காலோடு எழுந்தால் விழவும் வாய்ப்பு. பாத்ரூமுக்கு எழுவதானால் பேடையே கழற்றிவிட்டு எழட்டும். காலில் மாட்டிய ஹோஸ் தடுக்கி அறுவை செய்த முழங்காலின் மேலேயே விழுவது நடக்கக்கூடிய விபத்து.

மெஷினைக் கட்டில் உயரத்துக்கு ஒரு ஸ்டூலில் வையுங்கள், அடாப்டர் அதிலிருந்து விலகி இருக்கட்டும். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். வயரோடு ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, பேடு ஜில்லாகவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கும். பேடைப் பெட்டியைவிடத் தாழ்வாகப் பிடித்து ஒரு நிமிடம் ஓட விடுங்கள், குமிழிகள் வெளியேறும். ஹோஸ் மடங்கியிருக்கிறதா, இணைப்பு முழுசாக உட்கார்ந்ததா என்றும் பாருங்கள். பேடின் ஒரு பாதி மட்டும் ஜில்லென்று இருந்தால் எங்கோ மடிப்பு விழுந்திருக்கிறது. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கி, சத்தம் கரகரவென்று மாறினால் உடனே நிறுத்துங்கள், தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்ப் எரிந்துவிடும். போர்வெல் உப்புத் தண்ணீர் உள்ளே படிந்துவிடும், கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றுங்கள்.

வாடகை மெஷின் என்பதால் ஒன்று கேட்டுவிடுங்கள்: பேடு புதிதா? பெட்டியைப் பலர் பயன்படுத்தலாம், பேடு ஒரு நோயாளிக்கு மட்டும் என்றே பொதுவாகச் செய்யப்படுகிறது. வேறொருவர் புண்ணின் மேல் இருந்ததை அம்மாவின் தையல் மேல் வைக்க வேண்டாம், பேடை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள்.

இரவு கடைசிச் சுற்று முடிந்ததும் பெட்டித் தண்ணீரைக் கொட்டி, மூடியைத் திறந்து கவிழ்த்து வையுங்கள். மூடி திறந்த பெட்டியில் நாள்கணக்கில் நிற்கும் தண்ணீர் டெங்கு கொசுவுக்குப் போதும், உள்ளே வழவழப்பும் பிடிக்கும். வாரம் ஒரு தடவை சில சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரை ஐந்து நிமிடம் ஓட விட்டு, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை ஓட விடுங்கள்.

இரண்டு வாரத்தில் தையல் பிரித்த பிறகு, பயிற்சிக்குப் பின் வீக்கம் கூடாமல் இருந்தால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகும் சில மாதங்களுக்கு அந்த முழங்கால் தொட்டால் மற்றதைவிடக் கதகதப்பாகவே இருக்கும், மூட்டு மாற்றியவர்களுக்கு இது இயல்பு. காய்ச்சலும் கூடிவரும் வலியும் இல்லாதவரை, அந்தக் கதகதப்புக்காக வாடகையை நீட்ட வேண்டாம்.